தலைக்குக் கீழே ஒரு புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

பதினோரு நிமிடம். இன்று மேற்கு வானம் கொடுத்தது அவ்வளவுதான். அது எனக்குப் போதும்.

ஆறு ஐம்பதுக்கெல்லாம் மொட்டைமாடியில் இருந்தேன். டிரைபாட் கால்களுக்காகத் தரையில் மூன்று பெயிண்ட் அடையாளங்கள் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் சரியாக உட்காரும். தண்ணீர்த் தொட்டிக்கும் எதிர்க் கட்டடத்தின் ஆன்டெனாவுக்கும் இடையில்தான் வால்நட்சத்திரம் இறங்கும் என்று நேற்றே பார்த்து வைத்திருந்தேன். கணக்கு தப்பவில்லை. ஏழு மணி நான்கு நிமிடத்துக்கு, கேமராவின் திரையில் பஞ்சுத் துணுக்கு போல ஒன்று தெரிந்தது. வெறும் கண்ணுக்கு இன்னும் ஒன்றுமில்லை. வானம் சுழலும் வேகத்துக்கு கேமராவைத் திருப்பிக்கொடுக்கும் டிராக்கரை ஓடவிட்டு, படத்துக்குப் பன்னிரண்டு விநாடி வீதம் நாற்பது படங்கள் எடுத்தேன். நாற்பத்தொன்றாவதில் ஆன்டெனா வந்துவிட்டது.

கீழே இறங்கி வந்தபோது என் வீட்டுக்காரர் முன்னறையில் யாருடைய கோட்டுக்கோ கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், கிடைத்துவிட்டது போலிருக்கிறதே என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கிடைக்காத நாளில் படியை மிதித்துக்கொண்டு இறங்குவேனாம்.

மார்ச் 5, புதன்

மேற்கே மேகம். பகல் முழுக்கக் கணினியில் உட்கார்ந்து நேற்றைய படங்களை அடுக்கினேன். வால்நட்சத்திரத்தின் தலைமேல் தலை பொருந்தும்படி நாற்பதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் ஒரே பாட்டைப் பாடினால் ஒருத்தி இருமுவதும் இன்னொருத்தி தும்முவதும் காணாமல் போய்ப் பாட்டு மட்டும் கேட்கும் இல்லையா, அப்படித்தான். குருணை குருணையாக இருந்த இரைச்சல் அடங்க, வால் மெல்ல வெளியே வந்தது. இரண்டு விரல் நீளம். நுனியில் லேசாகப் பிரிந்து. இந்த ஐந்து வருடத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் இது. அடக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் நாளைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

தலைக்குச் சற்றுக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது. நம் அடங்காப்பிடாரி. என் கேமராவில் ஒரு பிக்சல் பழுது. எதைப் படம் எடுத்தாலும் அது தன் இஷ்டத்துக்கு வெள்ளையாய் மின்னும். மூன்று வருடப் பழக்கம். துடைத்துவிட்டேன். பத்து விநாடி வேலை.

ஆறு மணிக்குள் எங்கள் வானியல் சங்கச் செயலாளருக்கு அனுப்பியாயிற்று. (செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். படத்தைப் பார்க்கும்போதும் கடையில் நம்பர் பார்ப்பது போலவே ஒரு கண்ணை மூடிக்கொள்வார்.)

மார்ச் 6, வியாழன்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு அட்டைப்படம் என்னுடையது. இன்றும் மேகம். இருக்கட்டுமே.

மார்ச் 7, வெள்ளி

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இன்று ஒரே கூத்து.

இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு பேக்கரிக்காரர் இருக்கிறார். போன வருடம் சங்கத்தில் சேர்ந்தார். நான் நேரில் பார்த்ததில்லை. விடிவதற்கு முன்பே அடுப்பு பற்றவைக்க வேண்டிய வேலை என்பதால் சாயங்கால வானம் மட்டும்தான் அவருக்கு வாய்க்கும். பழைய கேமரா ஒன்று வைத்திருக்கிறார். அவரும் செவ்வாய்க்கிழமை அதே நேரத்தில் எடுத்திருக்கிறார். இன்று கடைக்கு விடுமுறையாம், அதனால்தான் குழுவில் போட நேரம் கிடைத்தது. வால்நட்சத்திரம் உடைந்துவிட்டது என்கிறார். தலைக்குக் கீழே ஒரு சின்னத் துண்டு தனியாகத் தெரிகிறதாம். செவ்வாய் இரவே, உலகெங்குமிருந்து இத்தகைய தகவல்களைத் திரட்டும் மையத்துக்கும் எழுதிவிட்டாராம்.

படத்தைப் பார்த்தேன். குருணைதான். ஒரு புள்ளி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் முதலில் ஆரம்பித்தார்: “அண்ணே, அது துண்டு இல்ல. மைதா.” அப்புறம் ஆளாளுக்கு ஒன்று. சலித்துப் பார்த்தீர்களா என்று ஒருவர், வெந்துவிட்டதா என்று இன்னொருவர்.

எனக்கு அது பிடிக்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாக விடை சொன்னால் சிரிக்கக் கூடாது. ஏன் தப்பு என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அதனால் தனியாக அவருக்குக் கடிதம் எழுதினேன். லென்ஸைக் கழற்றுவது, காற்றுப் பந்தால் தூசு ஊதுவது, சென்சாரைத் துடைப்பது, எந்தத் துணி, எத்தனை முறை, எந்தத் திசையில் என்று ஒன்றேமுக்கால் பக்கம். நன்றாகவே வந்திருந்தது.

மார்ச் 8, சனி

பேக்கரிக்காரரிடமிருந்து பதில்: “சரிங்க டீச்சர். இன்னைக்கே செய்றேன்.”

மேகம்.

மார்ச் 9, ஞாயிறு

அந்த மையம் நம் செயலாளரை விசாரித்திருக்கிறது: அதே மாலையில் உங்கள் சங்கத்தில் வேறு யாராவது எடுத்தார்களா என்று. அவர் என் படத்தை அனுப்பியிருக்கிறார். மையத்தின் பதிலை எனக்கும் காட்டினார். அதைவிடத் தெளிவான படத்தில் துண்டு எதுவும் தெரியவில்லை. ஆகவே முதல் தகவல் ஒதுக்கி வைக்கப்படுகிறது. பெரிய தொலைநோக்கிகளைச் சூரியனுக்கு இவ்வளவு பக்கத்தில் திருப்ப மாட்டார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கும் இந்த வாரம் மழை. ஆகவே அன்றைக்குச் சாட்சி இரண்டே கேமராக்கள். அதில் ஒன்று என்னுடையது.

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வானம் யார் மனசுக்காகவும் மாறாதே.

மார்ச் 10, திங்கள்

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது கைபேசி அடித்தது. பேக்கரிக்காரர். எழுத்தில் பார்த்ததைவிடக் கனமான குரல், வயதும் கூட. பின்னால் தகரத் தட்டுகள் மோதும் சத்தம்.

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தொந்தரவு பண்ண மாட்டேன்.”

கேளுங்கள் என்றேன்.

“என்கிட்ட இருபத்தாறு படம் இருக்கு. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவுல வால்நட்சத்திரம் கொஞ்சம் நகர்ந்திருக்கு. அந்தப் புள்ளியும் கூடவே நகர்ந்திருக்கு. அழுக்கு என் கேமராவுலதான் இருக்குன்னா, அது எதுக்கு டீச்சர் வால்நட்சத்திரத்து பின்னாடி போகுது?”

மறுபடி கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

பெஞ்சில் இருக்கும் மைக்கறை பெஞ்சோடுதான் இருக்கும். அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளை எழுந்து போனால் கறை கூடவே எழுந்து போகாது. கேமராப் பழுதுக்கு நான் எல்லோருக்கும் சொல்கிற உதாரணமே இதுதான். எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்! பழுதான பிக்சல் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும், வால்நட்சத்திரமோ டிராக்கர் ஓடினாலும் படத்துக்குப் படம் கொஞ்சம் நகரும். தலையைத் தலைமேல் வைத்து அடுக்கினால் அந்தப் பழுது புள்ளியாக நிற்காது, இழுபட்டுக் கோடாகிவிடும்.

என் படத்தில் நின்றது கோடா?

புள்ளி. புள்ளிதான். அதை நான் என் கையால் துடைத்தேன்.

நாற்பது மூலப் படங்களையும் திறந்தேன். முதலாவது. அடங்காப்பிடாரி எங்கே? இடது கீழ் மூலையில், எப்போதும் இருக்கிற இடத்தில், தலையிலிருந்து எங்கேயோ தள்ளி. பத்தாவது. அங்கேயே. நாற்பதாவது. அங்கேயே. அசையவில்லை, பாவம், அதுபாட்டுக்கு இருந்திருக்கிறது. தலைக்குக் கீழே இருந்தது வேறு. மங்கல்தான், சில படங்களில் ஊகித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தலை பதின்மூன்று பிக்சல் நகர்ந்தால் அதுவும் பதின்மூன்று.

முப்பத்து நாலு வருஷம். வகுப்பில் எது உடைந்தாலும் முதலில் கடைசி பெஞ்சைத்தான் பார்ப்பார்கள் என்று மற்ற டீச்சர்களைக் கிண்டல் செய்தவள் நான். இப்ப நான் என்ன செஞ்சேன்? வழக்கமா தப்பு பண்றவன் ஒருத்தன் இருக்கான், அவன் தலையில கட்டிட்டேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தா போதுமே. அட்டைப்படம், அட்டைப்படம்னு கண்ணுல அதுதான் நின்னுது.

அதுக்கு மேல அந்த மனுஷனுக்கு லெட்டர் வேற.

மாலை. கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். வேண்டியதெல்லாம் கையில் இருக்கிறது. மூலப் படம் எதையும் நான் அழிப்பதில்லை. இது சரிசெய்யக்கூடிய தப்பு.

மார்ச் 11, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கண்ணாடிக் கடை. செயலாளர் ஒரு பெண்ணுக்கு ஃபிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்து, பிறகு என் மடிக்கணினியைக் கவுண்டரில் வைத்து முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தார். பிறகு கடைக் கதவைச் சாத்தினார்.

“டீச்சர், அட்டை நாளைக்கு அச்சுக்குப் போகுது. பேசாம இருங்க. அடுத்த மாசம் அது சூரியனைச் சுத்திட்டு அந்தப் பக்கம் வந்துடும், பெரிய பெரிய ஆளுங்க பார்த்துச் சொல்லிக்குவாங்க.”

அப்போது பேக்கரிக்காரருடைய தேதி என்னாகும் என்று கேட்டேன். எப்போது உடைந்தது என்று கணக்குப் போட, முதலில் பார்த்த நாள் முக்கியம். அது அவர் பார்த்த நாள்.

“சரி, உங்க பேர் என்னாகும்? இந்தச் சங்கத்துல யார் படம் எடுத்தாலும் உங்ககிட்டதான் சரியான்னு கேக்கறாங்க.”

“அதனாலதான் சொல்லணும். என்னைக் கேட்டுத்தானே அவரைத் தள்ளி வெச்சாங்க?”

அவர் மூக்கைச் சொறிந்தார். மைதா என்று முதலில் சொன்னவர் அவர்தான். அது அவருக்கும் அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். கடைசியில் அச்சகத்துக்கு அவரே கைபேசியில் பேசி நிறுத்தினார். மூன்று நாள் தள்ளிப்போகும் என்று என்னைப் பார்த்து முறைத்தார். முறைக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் மையத்துக்கு எழுதினேன். ஒன்றேமுக்கால் பக்கமெல்லாம் இல்லை. மார்ச் 4 படத்தில் தலைக்குக் கீழே இருந்த புள்ளியைக் கேமராப் பழுது என்று நினைத்துத் துடைத்தது நான், அது பழுதல்ல, நாற்பது மூலப் படங்களும் இத்துடன் இருக்கின்றன, முதல் தகவலை அனுப்பியவர் கண்டது சரி. அதையே குழுவிலும் போட்டேன். பேக்கரிக்காரரை மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 12, புதன்

மையம் உடனே பதில் எழுதியது: என் கேமராவின் பழுதுகளை மட்டும் காட்டும் படங்கள் வேண்டும். நியாயம்தான். லென்ஸை மூடி போட்டு மூடி, அதே பன்னிரண்டு விநாடிக்கு இருபது படங்கள் எடுத்து அனுப்பினேன். இருட்டில் அடங்காப்பிடாரி மட்டும் தன் மூலையில். இப்படி ஒரு நாள் சாட்சி சொல்ல வருவான் என்று அவனே எதிர்பார்த்திருக்க மாட்டான்.

குழுவில் கண்ணாடிக்கடைக்காரர் மட்டும், மைதா என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் என்று ஒரு வரி போட்டிருந்தார். பரவாயில்லை, பெரிய மனசுதான்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். “நான் பிசிறுன்னு நினைச்சு ஒரு தடவை நூலை வெட்டினேன், ஞாபகம் இருக்கா? மாப்பிள்ளை கோட்டு. மண்டபத்துல கை தனியா வந்துச்சு.” ஞாபகம் இருக்கிறது. அன்று நான் எவ்வளவு சிரித்தேன் என்பதும். அதைத்தான் நினைவுபடுத்துகிறார் என்பதும் புரிந்தது.

மார்ச் 13, வியாழன்

பேக்கரிக்காரர் இன்னும் எடுக்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

கடை ஒரு கூட்டுச் சாலையில், டயர்க் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில். மூன்று மணிக்குப் போனேன். காலை ரொட்டி விற்றுத் தீர்ந்து, தட்டுகள் அடுக்கடுக்காக ஆறிக்கொண்டிருந்தன. குரலைக் கேட்ட பிறகும் எனக்குள் ஓர் ஒல்லி வாலிபரையே கற்பனை செய்து வைத்திருந்தேன். ஐம்பது தாண்டியவர், புருவம்வரை மாவு. கேமரா ஒரு பிஸ்கட் டின்னுக்குள் துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது.

நான் இன்னார் என்று சொல்வதற்குள் அவரே கண்டுகொண்டார். “வாங்க டீச்சர். கையெல்லாம் மாவு, உட்காருங்க.”

“உங்க புள்ளிய நான்தான் துடைச்சேன்” என்றேன். வழியெல்லாம் வேறு மாதிரி யோசித்து வைத்திருந்தேன், வந்தது இதுதான்.

“குழுவுல படிச்சேன்.”

“பதில் போடலையே?”

“என்னன்னு போடறது? நன்றின்னு போட்டா உங்கள மன்னிச்சு விட்டுட்டேன்னு ஆயிடும். திட்டலாம்னா நீங்க டீச்சர்.”

திட்டுங்கள் என்றேன். நிஜமாகவே யோசித்தார். பிறகு ஒன்று சொன்னார். சனிக்கிழமை மாலை அவர் ஊரில் மேகம் கலைந்திருக்கிறது. பத்து நிமிடம், சரியாக மேற்கில். அந்த நேரத்தில் அவருடைய கேமரா மேசைமேல் திறந்து கிடந்தது. என் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துச் சென்சாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக வால்நட்சத்திரம் இறங்குவதைப் பார்த்தாராம். இரண்டாவது நாள் படம் அப்படித்தான் போயிற்று.

எனக்கு அது தெரியாது. யாருக்குமே தெரியாது.

“நாலு தடவை படிச்சேன் டீச்சர் அந்த லெட்டரை. ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. ஒரு இடத்துலகூட, நீங்க என்ன பார்த்தீங்கன்னு என்னைக் கேக்கல.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அப்போது கேட்டேன், தாமதமாக. அடுப்புக்குப் பின்னாலிருந்த பழைய கணினியை உயிர்ப்பித்தார். விசைப்பலகைமேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தது. செவ்வாய்க்கிழமைப் படங்களை மட்டும் அவர் காட்டவில்லை. பிப்ரவரி கடைசி வாரத்துப் படங்கள். இருபத்தாறாம் தேதி தலை திடீரென்று பிரகாசமாகியிருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி வட்டமாக இல்லாமல் முட்டை மாதிரி நீண்டிருக்கிறது. அப்போதே உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கும், வெளியே தெரியத்தான் ஒரு வாரம் ஆயிற்று என்பது அவர் கணிப்பு. ரொட்டி பிளவதும் அப்படித்தானாம்: முதலில் ஒரு பக்கம் உப்பும், அப்புறம்தான் விரியும்.

நல்ல உதாரணம். எனக்குத் தோன்றியிருக்காது. அந்த இரண்டு நாளும் நானும் படம் எடுத்தேன். முட்டையாக இருந்ததை நான் ஃபோகஸ் கோளாறு என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன்.

“அதையும் அனுப்புங்க, என்னோடதும் சேத்து” என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இடையில் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு பன் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

மார்ச் 14, வெள்ளி

மையத்தின் அறிக்கை வந்துவிட்டது. வால்நட்சத்திரத்தின் கரு பிளந்திருப்பது உறுதி. முதலில் கண்டவர் என்ற இடத்தில் பேக்கரிக்காரர் பெயர், மார்ச் 4. அதே மாலையின் உறுதிப்பாடு என்று அடுத்த வரியில் என் பெயர். பிளவு பிப்ரவரி 26-ஐ ஒட்டி நிகழ்ந்திருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அவருடைய வாக்கியத்தைக் கிட்டத்தட்ட அப்படியே.

கண்ணாடிக்கடைக்காரர் அட்டைக்கு எது என்று கேட்டார். பேக்கரிக்காரருடையது என்றேன். பெரிதாக்கினால் பொரி பொரியாக இருக்குமே என்று இழுத்தார். இருக்கட்டும் என்றேன். உள்பக்கத்தில் என் படத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன்: துடைத்ததும் துடைக்காததும், பக்கத்தில் பக்கத்தில், கீழே என்ன நடந்தது என்று நான்கு வரி. அதை நானே எழுதுகிறேன். அந்த மாதிரி எழுத எனக்கு நன்றாகவே வரும்.

மார்ச் 15, சனி

மேகம் விலகியது. இன்று விட்டால் அது சூரிய வெளிச்சத்துக்குள் போய்விடும். என் மாடியிலிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடம் மறைக்கும். பேக்கரிக்காரர் மதியம் கூப்பிட்டு, அவர் கடை மாடிக்கு மேற்கே ஒரு மரம்கூடக் கிடையாது என்று மட்டும் சொன்னார். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

மாடியில் காலி மாவு மூட்டைகள், ஒரு புகைபோக்கி, இன்னும் சூடாக. இரண்டு டிரைபாட்டையும் ஒரு முழ இடைவெளியில் வைத்தோம். என் கேமராவை வெள்ளி கிரகத்தின்மேல் திருப்பி ஃபோகஸ் செய்தேன். பிறகு விலகி நின்று, ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“கொஞ்சம் தள்ளி இருக்கு டீச்சர். திருப்பட்டுமா?”

திருப்பினார். மயிரிழைதான். வெள்ளி சிறிதாகிக் கூர்மையாயிற்று.

ஏழு மணி இருபது நிமிடத்துக்கு வால்நட்சத்திரம் வந்தது. ஏழு இருபத்தெட்டுக்குப் போய்விட்டது.

எடுத்த படங்கள்: என்னுடையது 29, அவருடையது 24. இரண்டிலும் இரண்டு துண்டு. ஃபோகஸ் சரிபார்த்தவர்: பேக்கரிக்காரர்.